பின்பக்கச் சந்து

அத்தியாயம் பதினெட்டு

டிவிக்காரர்கள் காலையிலேயே வந்து இறங்கிவிட்டார்கள்.

நிகழ்ச்சிக்குப் பெயர் 'சிங்கத்துடன் ஒரு நாள்'. அந்தப் பெயரை வைத்தது டிவி நிலையம் அல்ல. நகரத் தீயணைப்புத் துறையின் தலைமை அதிகாரி தானே வைத்துக்கொண்டார். 'சிங்கம்' என்ற பட்டமும் அப்படி வந்ததுதான் என்று அவர் மனைவி சொல்வாள். சமையலறையில் சொல்வாள், அவர் காதில் விழாதபடி குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு.

மேயர் தேர்தலில் நிற்கப் போவதாகப் போன வாரம்தான் அவர் அறிவித்திருந்தார். அந்த மேடைக்குத் தன் தங்கையைக் கூப்பிட்டு, "அப்பா போனதுக்கு அப்புறம் இவளுக்கு அப்பா நான்தான்" என்று மைக்கில் சொன்னார். கூட்டம் கைதட்டியது. தங்கை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளுடைய சங்கடம். படிக்க வைத்தது அவர். கட்டுப்பாட்டு அறையில் வேலைக்குச் சேர்த்துவிட்டது அவர். கல்யாணம் செய்து வைத்ததும் அவரே. நாற்பதைத் தாண்டியும் அவளை 'குட்டி' என்றே கூப்பிடுவார். அதைக் கேட்டுக் கேட்டு, துறையில் எல்லோருக்கும் அவள் 'குட்டி மேடம்'. செய்ததை எல்லாம் அவர் அன்போடு செய்தாரா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் ஒன்றையும் சொல்லிக்காட்டாமல் விட்டதில்லை.

அவர் கோழையும் இல்லை. ஒரு காலத்தில் ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு எரிகிற வீட்டுக்குள் நுழைந்து, ஒரு தாயையும் இரண்டு குழந்தைகளையும் வெளியே கொண்டுவந்தவர். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. அந்தப் படம் வந்த நாளிலிருந்துதான் மச்சான் மாறிப்போனார் என்பது குட்டியின் கணவனுடைய கட்சி. அதற்குப் பிறகு தீ எங்கே என்று பார்ப்பதற்கு முன்னால் கேமரா எங்கே என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாராம்.

குட்டியின் கணவன் அதே துறையில் மூன்றாம் எண் வண்டியின் டிரைவர். இருக்கிற வண்டிகளிலேயே சின்னது அதுதான். டிரைவருக்குப் பேச்சு கொஞ்சம் கம்மி. அவன் இவ்வளவு பேசினான் என்றால் விஷயம் அவன் மனதைக் குடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

துறையும் மாறிப்போயிருந்தது. யாரும் சட்டம் போடவில்லை. தானாகவே ஒரு பழக்கம் படிந்துவிட்டது. தலைமை அதிகாரிக்குப் பிடிக்காத செய்தி அவர் காதுக்குப் போகாது. பம்பு ஒழுகினால் "சரி பண்ணிட்டோம் சார்" என்பார்கள். ஒழுகும். பயிற்சி மைதானத்தில் ஏணி ஏறிப் பழகுவது நின்று, அணிவகுப்புப் பழகுவது வந்தது. ஒரு கூட்டத்தில் துணை அதிகாரி எழுந்து, பயிற்சி இல்லாமல் ஆட்களைத் தீக்குள் அனுப்ப முடியாது என்று சொல்லிப் பார்த்தார். அடுத்த வாரமே அவரைத் தலைமையகத்து ஸ்டோர்ஸுக்கு மாற்றி, வாளி எண்ணும் வேலை கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கூட்டங்கள் சீக்கிரமே முடிந்தன.

அன்று காலை அவர் மனைவியை, அதாவது குட்டியின் அண்ணியையும் படப்பிடிப்புக்கு அழைத்து வந்திருந்தார்கள். கேமராவில் எடுப்பாகத் தெரியும் என்று அவர் சொன்ன வெளிர் நீல உடையில், அவருடைய காரின் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். வீரனின் பின்னால் நிற்கும் மனைவி என்று ஒரு காட்சி வேண்டுமாம். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பதையும் அவரே சொல்லியிருந்தார்.

மெத்தைத் தொழிற்சாலை தீப்பற்றிய செய்தி வந்தபோது டிவிக்காரர்களுக்கு அதிர்ஷ்டம் அடித்தது போல் ஆகிவிட்டது.

பெரிய சாலையில், நகரத்தின் நடுவில் இருக்கிற தொழிற்சாலை. அடுக்கி வைத்த ஃபோம் மெத்தைகள் பற்றிக்கொண்டதால் தீ கூரையைத் தாண்டி எழும்பியது. நல்லவேளையாக வேலையாட்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். எதிர்ப்புற நடைபாதையில் நின்று ஒருவரை ஒருவர் எண்ணிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஆள் இல்லை என்ற செய்தி வயர்லெஸ்ஸில் கட்டுப்பாட்டு அறைக்கும் போனது.

அண்ணன் காரிலிருந்து இறங்கினார். பார்த்தார். எல்லா வண்டிகளையும் முன்வாசலுக்கு வரச் சொன்னார். எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் தண்ணீர் பீய்ச்ச வேண்டும், நடுக் குழாயைத் தானே பிடிப்பேன் என்றார். கேமராக்காரரிடம் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று கையால் காட்டினார்.

கட்டுப்பாட்டு அறையில் குட்டியின் முன்னால் தொலைபேசி அடித்தது.

"மேடம், நான் ஒரு நர்ஸ். நிதானமா சொல்றேன், கேட்டுக்குங்க" என்றது ஒரு பெண்குரல். இருமிக்கொண்டே பேசினாலும் அந்தக் குரலில் தடுமாற்றம் இல்லை. மெத்தைத் தொழிற்சாலையின் பின்சுவரை ஒட்டினாற்போல் ஒரு சந்து. அந்தச் சந்தில் நர்ஸுகள் தங்கும் விடுதி. இரவுப் பணி முடிந்து வந்தவர்கள் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கண் விழித்தபோது படிக்கட்டு முழுக்கக் கறுப்புப் புகை. இறங்க வழியில்லாமல் மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார்கள். முப்பது பேருக்கு மேல். பக்கத்துச் சுவர் சுட ஆரம்பித்திருக்கிறது.

குட்டி வயர்லெஸ்ஸை எடுத்து, விவரத்தை அப்படியே சொன்னாள்.

"ஸ்பாட்ல நிக்கிறது நான்" என்றார் அண்ணன். "பின்னாடி வெறும் புகைதான். யாரும் நகரக் கூடாது."

அவள் மறுபடி சொன்னாள். மாடியில் ஆட்கள் நிற்கிறார்கள், அவர்களில் ஒருவர் இன்னும் தன்னோடு தொலைபேசியில் இருக்கிறார் என்றாள்.

"படப்பிடிப்பு நடக்குது. லைனை அடைக்காதே."

குட்டியின் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் ஊழியர் மேஜையைப் பார்த்துக்கொண்டார். அந்த அறையில் எல்லோருக்கும் அது பழக்கம். குட்டிக்கும்தான். சொல்ல வேண்டியதை ஒரு தடவை சொன்னோம், இரண்டு தடவையும் சொன்னோம், அதற்கு மேல் பொறுப்பு நம்முடையது இல்லை என்று நினைத்துக்கொள்வது சுலபம். இத்தனை வருஷமாக அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

காதில் வைத்திருந்த தொலைபேசியில் அந்த நர்ஸ் மற்றவர்களிடம் சொல்வது கேட்டது. துணியை நனைத்து மூக்கில் கட்டிக்கொள்ளச் சொன்னாள். எல்லோரையும் உட்காரச் சொன்னாள்.

குட்டி வயர்லெஸ் பொத்தானை அழுத்தினாள்.

"மூணாம் வண்டி, பின்பக்கச் சந்துக்குப் போங்க."

மூன்றாம் வண்டியில் இருப்பது தன் கணவன் என்பதை அவள் யோசிக்காமல் இல்லை. அந்தச் சந்துக்குள் நுழையக்கூடிய வண்டி அது ஒன்றுதான் என்பதையும் யோசித்தாள்.

"மூணாம் வண்டி கிளம்புது" என்றான் டிரைவர்.

முன்வாசலில் சிவப்பு வண்டிகளின் வரிசையில் ஒரு பல் விழுந்தது போல் இடைவெளி ஏற்பட்டது. அண்ணன் குழாயை ஒரு வீரரிடம் கொடுத்துவிட்டு வயர்லெஸ்ஸைப் பிடுங்கினார். யாரைக் கேட்டு நகர்கிறாய் என்று கத்தினார். கன்ட்ரோல் சொன்னதால் போகிறேன் என்று டிரைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டே பதில் சொன்னான். நிற்கவில்லை.

இதையெல்லாம் காரில் உட்கார்ந்திருந்த அண்ணி கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் காரிலும் ஒரு வயர்லெஸ் இருந்தது. இத்தனை வருஷமாக அவளுக்கு அது வெறும் இரைச்சல். இப்போது அதில் புருஷன் குரலும் நாத்தனார் குரலும் மாறி மாறி வந்தன.

அண்ணி முன் சீட்டுக்கு எட்டிக் குனிந்து, ஒலியைக் கடைசி வரை திருகினாள். பிறகு காரின் நான்கு கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தாள். காரைச் சுற்றி நின்ற நிருபர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நடைபாதையில் நின்ற வேலையாட்கள் கிட்டே வந்தார்கள்.

அப்போது அண்ணன் பேசியது தெரு முழுக்கக் கேட்டது.

"குட்டி, உன்னை அந்த நாற்காலியில உக்கார வச்சதே நான். ஞாபகம் இருக்கட்டும்."

எல்லா வண்டிகளிலும் அது கேட்டது. நிலையங்களில் கேட்டது. ஸ்டோர்ஸில் வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த துணை அதிகாரியின் மேஜையிலும் கேட்டது.

குட்டி மறுபடி பொத்தானை அழுத்தினாள். பேசியபோது குரல் சரியாக இருந்தது. அது அவளுக்கே ஆச்சரியம்.

"ஞாபகம் இருக்கு சார். உக்கார வச்சது இதுக்குத்தான்."

பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் தொடர்ந்தாள்.

"எல்லா வண்டிக்கும் சொல்றேன். முன்பக்கம் உள்ள யாரும் இல்ல. பின்பக்கம் முப்பது பேருக்கு மேல மாடியில நிக்கிறாங்க. கேட்டுக்கிட்டீங்க. அவ்வளவுதான்."

யாரும் போகவில்லையென்றால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் கையில் இருந்தது அந்தச் சில வரிகள் மட்டுமே. அவற்றைச் சொல்லியாகிவிட்டது.

முதலில் வந்தது இரண்டாம் வண்டியின் குரல். தண்ணீர் லைனைப் பின்பக்கம் திருப்புவதாகச் சொன்னது. அடுத்து ஐந்தாம் வண்டி ஆட்களை அனுப்புவதாகச் சொன்னது. அப்புறம் ஒன்று, நான்கு. ஒவ்வொரு குரலாக வர வர, மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து நாற்காலிக்காரர் நிமிர்ந்து, ஆம்புலன்ஸுக்குத் தொலைபேசி செய்ய ஆரம்பித்தார். அவரிடம் யாரும் சொல்லவில்லை.

கடைசியாக, துறையே மறந்துபோயிருந்த ஒரு குரல் வந்தது.

"ஏணி வண்டி. தலைமையகத்துலேர்ந்து கிளம்பறோம். எந்தப் பக்கம் வழி இருக்கு, சொல்லும்மா."

துணை அதிகாரி. படப்பிடிப்புக்காகக் கழுவித் துடைத்து, தலைமையகத்து வாசலில் அலங்காரமாக நிறுத்தி வைத்திருந்த ஏணி வண்டியை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். சந்துக்குள் அது நுழையாது. விடுதியின் வலப்பக்கம் ஒரு காலி மனை உண்டா என்று குட்டி நர்ஸிடம் கேட்டாள். உண்டு என்றாள் நர்ஸ். கம்பி வேலிதான், சுவர் இல்லை. குட்டி அதை அப்படியே சொன்னாள்.

முன்வாசலில் இன்னொன்று நடந்தது.

தண்ணீரைப் பின்பக்கம் திருப்பிவிட்டார்கள் அல்லவா? அண்ணன் மறுபடி கையில் வாங்கிப் பிடித்திருந்த நடுக் குழாயில் வேகம் குறைந்தது. கூரையைத் தொட்டுக்கொண்டிருந்த தண்ணீர் ஜன்னலுக்கு இறங்கியது, ஜன்னலிலிருந்து வாசலுக்கு இறங்கியது, கடைசியில் அவர் பூட்ஸ் மேலேயே சொட்டியது. அவர் குழாயை உலுக்கிப் பார்த்தார். கேமராக்காரர் கேமராவைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டு, ஒரு கணம் அவரையும் ஒரு கணம் காரையும் பார்த்துவிட்டு, பின்பக்கம் ஓடினார். நிருபர்களும் ஓடினார்கள். வேலையாட்களும் ஓடினார்கள்.

பின்பக்கச் சந்தில் டிரைவர் வண்டியை இரண்டு பக்கச் சுவருக்கும் இடையே செருகி நிறுத்தியிருந்தான். இரண்டு பக்கக் கண்ணாடிகளும் உடைந்துவிட்டன. கதவைத் திறக்க இடமில்லாததால் ஜன்னல் வழியே வெளியே வந்தான். புகைமூட்டத்துக்குள் நின்று, விடுதிச் சுவர் மேல் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தான். அந்தச் சுவர் குளிராமல் இருந்திருந்தால் மாடியில் நின்றவர்களுக்கு நேரம் கிடைத்திருக்காது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். அப்போது அவனுக்கு அதெல்லாம் தோன்றவில்லை. மேலே நின்றவர்களில் ஒரு பெண் கை ஆட்டினாள். அவனும் ஒரு கையை எடுத்து ஆட்டினான். அது மட்டும்தான் அவனுக்கு ஞாபகம்.

வேலியை முறித்துக்கொண்டு காலி மனைக்குள் ஏணி வண்டி வந்தது. ஏணி நீண்டு மாடிச் சுவரில் உட்கார்ந்தது. பயிற்சி இல்லாத ஆட்கள்தான். ஆனாலும் துணை அதிகாரி கீழே நின்று ஒவ்வொரு அசைவையும் நிதானமாகச் சொல்லச் சொல்ல, அவர்கள் ஏறினார்கள். ஒருவர் பின் ஒருவராக நர்ஸுகள் இறங்கினார்கள். தூக்கத்திலிருந்து எழுந்த கோலம். சிலர் காலில் செருப்பில்லை. ஒரு பெண் தலையணையை இடுக்கிக்கொண்டே இறங்கினாள். ஏன் எடுத்துக்கொண்டு வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. முதல் ஆள் தரையில் கால் வைத்தபோது சந்தில் நின்ற கூட்டம் கைதட்டியது. பிறகு ஒவ்வொரு ஆளுக்கும் தட்டியது. கை வலிக்க வலிக்கத் தட்டியது.

தொலைபேசியில் பேசிய நர்ஸ் கடைசியாக இறங்கினாள். இறங்குவதற்கு முன்னால், "மேடம், நான் கிளம்பறேன். இனிமே யாரும் இல்ல" என்றாள். குட்டி சரி என்றாள். தொலைபேசியைக் கீழே வைத்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார்.

அந்த நர்ஸ் கீழே வந்து சேர்ந்தபோது அண்ணனும் அங்கே வந்து சேர்ந்திருந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் தோளில் ஒரு போர்வையைப் போர்த்தினார். அப்படியே தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்தார். கடைசி உயிர் இறங்குகிற வரைக்கும் இந்த இடத்தை விட்டு ஓர் அடி நகர மாட்டேன் என்று தன் ஆட்களிடம் சொல்லியிருந்ததாகக் கணீரென்ற குரலில் சொன்னார். பேசும்போது அவர் கண் கலங்கியது. அது நடிப்பில்லை. அந்த நிமிஷத்தில் தான் சொன்னதை அவர் முழுமையாக நம்பினார். அண்ணிக்கு அது தெரியும். அவரோடு வாழ்ந்ததில் அவளுக்குப் பெரிய பயமே அதுதான்.

நர்ஸ் எரிகிற கண்களைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க யாரு சார்?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். மேலே இருந்து அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கீழே நின்ற ஒவ்வொரு முகமும் பழகியிருந்தது. இது புது முகம்.

எங்கோ ஒரு வேலையாள் சிரித்தார். அப்புறம் நிருபர்கள். அப்புறம் மொத்தச் சந்தும். நர்ஸ் அவர் கையைத் தோளிலிருந்து மரியாதையாக எடுத்துவிட்டு, நேரே டிரைவரிடம் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் தன் ஆட்களைப் பின்னால் வந்து வரிசையாக நிற்கச் சொன்னார். வழக்கமாக அப்படித்தான் படம் எடுப்பார்கள். ஒருவரும் வரவில்லை. குழாயைச் சுருட்டினார்கள், ஏணியை மடக்கினார்கள், மிச்சத் தீயை அணைக்க முன்பக்கம் போனார்கள். துணை அதிகாரி யாருக்கு என்ன வேலை என்று சொல்ல, எல்லோரும் அவரிடம் கேட்டுக்கேட்டுச் செய்தார்கள்.

அந்தச் சிரிப்பை அன்று மதியம் நகரமே டிவியில் பார்த்தது. காரிலிருந்து கேட்ட வயர்லெஸ் பேச்சையும் நிருபர்கள் விடவில்லை. சாயங்காலத்துக்குள் மேயர் அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. விசாரணை முடியும் வரை துறையின் பொறுப்பு துணை அதிகாரிக்கு. மெத்தைத் தொழிற்சாலை பாதிக்கு மேல் போய்விட்டது. ஆள் ஒருவரும் போகவில்லை.

பணி முடிந்து குட்டியும் டிரைவரும் ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தபோது, வாசல் கேட்டை மறித்துக்கொண்டு அண்ணனுடைய கார் நின்றது. உள்ளே அவர் தனியாக இருந்தார். அவருடைய கார் ஓட்டுநரைக் காணோம்.

"அவ உன் வீட்டுக்கு வந்தாளா?" என்று கேட்டார். அண்ணியைத்தான் கேட்கிறார். மதியத்திலிருந்து வீட்டில் இல்லையாம். தொலைபேசியையும் எடுக்கவில்லையாம்.

வரவில்லை என்றாள் குட்டி.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு எல்லோரும் சேர்ந்து திட்டம் போட்டுத் தன்னைக் கவிழ்த்துவிட்டதாகச் சொன்னார். துணை அதிகாரி, டிவிக்காரர்கள், அந்த நர்ஸ். அவள் யார் ஆள் என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறாராம். அப்புறம் குரலைத் தாழ்த்தி, கண்ணில் பழைய கனிவோடு சொன்னார்:

"உன்னை நான் மன்னிச்சுட்டேன் குட்டி. நாளைக்கு டிவியில வந்து, அது நான் கொடுத்த உத்தரவுதான்னு சொல்லிடு. போதும்."

இந்தக் குரலுக்கு அவள் எத்தனை தடவை மசிந்திருக்கிறாள். இன்றும் ஒரு நொடி உள்ளே ஏதோ இளகியது. வளர்த்தவர், இப்போது யாரும் இல்லாமல் காருக்குள் உட்கார்ந்திருக்கிறார். அவளுக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருப்பது வேறு, சொன்னதைச் செய்வது வேறு என்பது இன்றுதான் அவளுக்குப் பிரிந்து தெரிந்தது.

"அண்ணா, கார் வழியை மறிச்சுக்கிட்டு நிக்குது. எடுங்க."

அவர் அவளையே பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

அவர் வண்டியைக் கிளப்பினார். பல வருஷமாகத் தானே ஓட்டிப் பழக்கமில்லை. பின்னால் எடுக்கப் போய்ச் சாக்கடை ஓரம் சக்கரம் இறங்கப் பார்த்தது. டிரைவர் முன்னால் போய் நின்று கையைக் காட்டி வழி சொன்னான். வாங்க, வாங்க, இன்னும் கொஞ்சம் இடது பக்கம், போதும். கார் நேராகி, தெருமுனை திரும்பி மறைந்தது.

கேட்டைத் திறப்பதற்குள் குட்டியின் தொலைபேசி அடித்தது. அண்ணி.

"நான் துணை அதிகாரி வீட்டு வாசல்ல நிக்கிறேன். அவர்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். இத்தனை நாளா எனக்கும் உங்க அண்ணனுக்கும் மட்டும் தெரிஞ்சது." அண்ணியின் குரல் தெளிவாக இருந்தது. பின்னால் சமையலறைக் குழாய் எதுவும் ஓடவில்லை. "நீ பக்கத்துல இருந்தா நல்லா இருக்கும்."

வரேன் அண்ணி என்று சொல்லிவிட்டுக் குட்டி திரும்பினாள். டிரைவர் ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தி, அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.